ஆயில் குச்சியின் இரண்டு கோடுகள்

என் மைத்துனரின் ஸ்பிளெண்டரில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் தொங்கும் சிறு குழாய் நிறைய ஆயில் தேங்கியிருந்தது. அந்தக் குழாயில் சாதாரணமாகக் கொஞ்சம் ஈரமும் கசடும் இருக்கும். இப்படிக் கழுத்துவரை ஆயில் நிற்காது. "முன்பு போல இழுக்கவில்லை மச்சான், காலையில் ஸ்டார்ட் செய்தால் புகையும் வருகிறது" என்றார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஆயில் மாற்றி அதிக நாள் ஆகாத வண்டியை பிரேக் வேலைக்காக ஓரிடத்தில் விட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் இன்ஜின் ஆயிலின் அளவைக் காட்டும், மூடியோடு சேர்ந்த ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆயில் ரொம்பக் குறைந்திருக்கிறது" என்று சொல்லி ஒரு டப்பாவைத் திறந்து ஊற்றியிருக்கிறான். அப்போது வண்டி எப்படி நின்றிருந்தது என்று கேட்டேன். சைட் ஸ்டாண்டில்தான் என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. அந்தப் பையன் ஏமாற்றினான் என்று நான் நினைக்கவில்லை. குச்சியின் நுனியில் மட்டும்தான் ஆயில் ஒட்டியிருந்தது. அதை அவன் மைத்துனரிடம் காட்டியும் இருக்கிறான். இருவரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது உண்மைதான், ஆனால் முடிவு தவறு. இது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "உங்கள் வண்டியில் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு பார்த்தால்தான் சரி என்றார் இன்னொருவர். குச்சியை முழுவதும் திருகி உள்ளே இறக்கிவிட்டு எடுக்க வேண்டும் என்று சிலர், வெறுமனே வைத்து எடுக்க வேண்டும் என்று சிலர். "சத்தம் மாறினால் தெரிந்துவிடும்" என்று சொன்னவர்களும் உண்டு. பெரும்பாலானோர் சொன்னது ஒன்றுதான்: "அதெல்லாம் சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள்."

நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் கையில் டேப்போடு நிற்கும் வேலை. ஒரு டி-ஷர்ட்டின் மார்பளவை எடுக்க வேண்டுமென்றால், அதை மேசையில் தட்டையாக விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, துளியும் இழுக்காமல், அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே டேப்பை வைக்க வேண்டும். அதே சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் வேறு எண் வரும். அப்போதுதான் அயர்ன் செய்து சூடாக வந்த சட்டையை அளந்தால் இன்னோர் எண். அதனால்தான் வாங்குபவர் அனுப்பும் அளவுப் பட்டியலில் எண்ணோடு சேர்த்து, எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்ற படமும் இருக்கும். எப்படி எடுத்தோம் என்பது இல்லாமல் ஓர் அளவை எங்கள் மேசையில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆயில் குச்சியில் இருக்கும் இரண்டு கோடுகளும் அப்படிப்பட்ட பட்டியல்தான்; ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். படம் மட்டும் குச்சியில் இல்லை. அது யாரும் பிரிக்காத கையேட்டுக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு தவறுக்கும் ஒரு திசை

இன்ஜினுக்குள் ஆயில் ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை. வண்டி ஓடும்போது அடியிலிருக்கும் ஆயிலைப் பம்ப் மேலே ஏற்றுகிறது. அது இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை போய், வால்வு பாகங்களை நனைத்து, சுவர்களில் வழிந்து மீண்டும் கீழே வருகிறது. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் அதே ஆயில்தான் கியர்களையும் கிளட்ச் தட்டுகளையும் நனைக்கிறது. ஆகவே எந்த நொடியிலும் கொஞ்சம் ஆயில் அடியிலும் மீதி மேலேயும் இருக்கும். குச்சியில் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் போட்ட பொறியாளர், இன்ஜின் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது அடியில் எவ்வளவு நிற்கும் என்று கணக்கிட்டுத்தான் போட்டிருக்கிறார். வண்டி நிமிர்ந்து, சமதளத்தில், இன்ஜின் கொஞ்சம் சூடாகி, பிறகு நிறுத்தப்பட்டு, மேலே போன ஆயில் இறங்கி வந்த நிலை அது. அந்த நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவுக்குக் கோடுகள் பொருளற்றுப் போகின்றன.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, ஒவ்வொரு தவறும் ஒரு குறிப்பிட்ட பக்கமாகத்தான் இழுக்கிறது என்பது. சைட் ஸ்டாண்ட் வண்டியின் இடப்பக்கம் இருக்கிறது. ஸ்பிளெண்டரில் ஆயில் ஊற்றும் வாயும் குச்சியும் வலப்பக்கம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கத்துக் குச்சிக்கு எட்டாது. எனவே சைட் ஸ்டாண்டில் பார்க்கும் எவருக்கும் ஆயில் குறைவாகத்தான் தெரியும். ஒருநாளும் அதிகமாகத் தெரியாது. பல்சரிலும் இன்றைய புல்லட்டிலும் குச்சிக்குப் பதில் ஆயிலை வெளியிலிருந்தே பார்க்கும் சிறு கண்ணாடி ஜன்னல், அதுவும் வலப்பக்கம்தான். அங்கேயும் இதே கதை. இந்தத் தவறைச் செய்கிறவர்கள் எல்லோரும் தேவையில்லாமல் ஊற்றத்தான் செய்வார்கள். ஓட்டி வந்து நிறுத்தியவுடனே பார்ப்பதும் அதே பக்கத் தவறு. மேலே போன ஆயில் இறங்கும் முன் எடுத்தால் குறைவாகக் காட்டும்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் தவறுகளும் இருக்கின்றன, அவை இன்னும் மோசம். குச்சியைத் துடைக்காமல் முதல் இழுப்பிலேயே பார்த்தால், ஓடும்போது தெறித்து ஒட்டிய ஆயில் குச்சி முழுக்க இருக்கும். நிறைய இருப்பதாகத் தோன்றும். ஸ்பிளெண்டர், ஆக்டிவா போன்ற வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வாயில் அப்படியே உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திருகிவிட்டால் குச்சி மரையின் நீளத்துக்கு இன்னும் கீழே இறங்கும். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். உண்மையில் கீழ்க் கோட்டுக்கும் கீழே போய்விட்ட வண்டியைக்கூடப் போதும் என்று நம்பி மூடிவிடலாம். இப்படி நம்பியவருக்கு எச்சரிக்கை எதுவும் வராது. நம் ஊரில் ஓடும் சிறிய பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயில் எச்சரிக்கை விளக்கே கிடையாது. முதலில் காய்வது ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட். சத்தம் வந்து கவனிக்கும்போது தேய்மானம் நடந்து முடிந்திருக்கும்.

மங்கலம் சாலையில் ஒரு மதியம்

மைத்துனரின் வண்டியை நான் மங்கலம் சாலைப் பக்கம் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். புல்லட்டிலும் ராஜ்தூத்திலும் தொழில் கற்றவர். அவர் கடை வாசல், நம் ஊரில் எல்லாக் கடை வாசலையும் போலச் சாக்கடைப் பக்கம் சரிந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு மூலையில் வண்டி நிற்கும் அகலத்துக்கு மட்டும் கொத்தனாரை அழைத்து, ரசமட்டம் வைத்துத் தனியாக சிமெண்ட் போட்டு வைத்திருக்கிறார். ஆயில் பார்க்கும் வண்டி அந்த மூலையில்தான் ஏற வேண்டும்.

வண்டியை அங்கே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைச் சுற்றியிருந்த மண்ணைப் பழைய பிரஷால் தட்டித் துடைத்தார். மூடியைத் திறக்கும்போது அந்த மண் உள்ளே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. மூன்று, நான்கு நிமிடம் ஆனதும் நிறுத்தினார். நிறுத்தியவுடன் நான் குனிந்தேன். "பொறுங்கள் தம்பி, இறங்கட்டும்" என்றார். வேறு வண்டியின் செயினுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துதான் மூடியைத் திருகி எடுத்தார். முதலில் வந்ததை அவர் பார்க்கவே இல்லை. பனியன் வேஸ்டால் குச்சியை நுனிவரை துடைத்தார். துடைத்தபின் குச்சியில் நூல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு திருகாமல் வாயின் விளிம்பில் மூடி நேராக உட்காரும்படி வைத்து, நேராக மேலே எடுத்து, குச்சியைப் படுக்கையாகப் பிடித்தார். நுனியை மேலே தூக்கினால் ஆயில் வழிந்து கோட்டைத் தாண்டிவிடும் என்பதால் அப்படி. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்ட பகுதி, அதாவது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் பகுதி, முழுவதும் நனைந்து, அதற்கு மேலும் ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறியிருந்தது.

அதிகமாக இருந்ததை எடுக்க அவர் கீழ் போல்ட்டைக் கழற்றவில்லை. பெரிய ஊசிக் குழலில் ஆஸ்பத்திரி டிரிப் டியூபை மாட்டி, ஊற்றும் வாய் வழியாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தார். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் குச்சியைத் துடைத்து வைத்துப் பார்த்தார். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தினார்.

அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் என் மனத்தில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அதே இடத்தில் சைட் ஸ்டாண்டில் சாய்த்தார். கொஞ்சம் பொறுத்து, குச்சியைத் துடைத்து, வைத்து எடுத்து என் கையில் கொடுத்தார். நுனி மட்டும் ஈரமாக இருந்தது. சற்று முன்பு நிறைவு என்று காட்டிய அதே ஆயில், ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல், இப்போது 'வறண்டுவிட்டேன்' என்று சொன்னது. மறுபடி வண்டியை நிமிர்த்தி, இந்த முறை குச்சியை முழுக்கத் திருகி இறக்கி, பிறகு எடுத்துக் காட்டினார். மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. "வண்டி ஒன்றுதான், ஆயிலும் ஒன்றுதான். நீங்கள் எந்த அளவை நம்புவீர்கள்?" என்று கேட்டார். மைத்துனர் பதில் சொல்லவில்லை. அந்தப் பையன் மேல் இருந்த கோபம் அந்த நிமிடத்தில் எனக்குப் போய்விட்டது. அவனுக்கு யாரும் இதைக் கையில் கொடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஆயில் அதிகமானால் என்ன கெட்டுவிடும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இருப்பது நல்லதுதானே என்ற எண்ணம். ஆயில் உயரும்போது, இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதற்குள் முங்கி அடிக்கத் தொடங்குகிறது. அதனால் இழுவை குறைகிறது, ஆயில் வீணாகச் சூடாகிறது, நுரைக்கிறது. காற்றுக் குமிழி கலந்த ஆயிலைப் பம்ப் சரியாகத் தள்ளாது; உலோகங்களுக்கு நடுவே ஆயில் படலம் நிற்காது. அதாவது அதிக ஆயிலும் கடைசியில் குறைந்த ஆயில் செய்யும் வேலையையே செய்யும். கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸில் இடம் இல்லாமல் போனால், உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஆவியும் துளியும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறுகின்றன. ஃபில்டர் நனைகிறது, அங்கிருந்து ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு எரிந்து புகையாகிறது. மைத்துனர் வண்டியில் இருந்த மூன்று குறைகளும் இந்த ஒன்றிலிருந்து வந்தவை. ஃபில்டரை மாற்றி, பெட்டியைத் துடைத்த பிறகு வண்டி பழையபடி ஓடுகிறது.

தெரிந்த தலைமுறையும் மறந்த தலைமுறையும்

எங்கள் பெரியப்பாவிடம் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் ஒன்று இருந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரானது. அந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தாலும், அது தனி அறை. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும்; இன்னொன்று அடியில் சேர்ந்ததை மீண்டும் டேங்குக்கு அனுப்பும். வண்டி பல நாள் சும்மா நின்றால் டேங்க் ஆயில் கசிந்து அடியில் சேர்ந்துவிடும். அந்த நிலையில் குச்சியை எடுத்தால் டேங்க் காலி போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஊற்றியவர்களின் வண்டி, ஸ்டார்ட் ஆனதும் மூச்சுக்குழாய் வழியாக ஆயிலைத் துப்பும். பெரியப்பா வண்டியை உதைத்து, நன்றாக ஓடவிட்டு, ஆயில் டேங்குக்குத் திரும்பிய பிறகுதான் குச்சியைத் தொடுவார். கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில், கிளட்ச் இருக்கும் செயின் பெட்டிக்கு வேறு ஆயில், அவற்றுக்குத் தனித்தனிப் பார்வை. வாரக் கடைசியில் அவர் இதற்கென்று நேரம் ஒதுக்குவது எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியலைப் போல வழக்கமான ஒன்று.

அதே காலத்தில் டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கும் ஆயில் கண்ணில் படும் பொருளாகவே இருந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோல் போடும்போதே டூ டி ஆயில் கலந்துதான் போட வேண்டும். பங்கில் நின்று ஆயில் சரியாகக் கலக்கிறார்களா என்று எட்டிப் பார்க்காதவர் கிடையாது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்தே தீர்ந்தன, சேர்ந்தே நிரம்பின. இந்த வழக்கத்தை முடித்துவைத்தது, பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லாத ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். பெட்ரோலைப் பற்றித்தான் அது சொன்னது, மைலேஜ் அப்படி. ஆனால் நம் மக்கள் ஆயிலையும் சேர்த்தே மறந்துவிட்டார்கள். ஆயில் ஒரு மூடிக்குள் போய்விட்டது. அது எரிவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. சில நிறுவனங்கள் 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கின்றன. நடுவில் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பிக்கொள்ளவும் சொல்கின்றன. முதல் பாதி எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாம் பாதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தைக்கக் கொடுத்த பீஸ் மூட்டைகளை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக நெரிசலில் ஊர்ந்துபோகும் ஸ்பிளெண்டர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த இன்ஜின்களில் இருக்கும் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குப் பக்கம்தான். பிஸ்டன் ரிங் கொஞ்சம் தேய்ந்த வண்டியில் அதில் ஒரு பங்கு எரிந்து போவது பெரிய அதிசயம் அல்ல. காரில் அரை லிட்டர் குறைந்தால் மீதி மூன்று லிட்டர் தாங்கும். பைக்கில் அரை லிட்டர் என்றால் பாதி.

மிச்ச ஆயில் என்ற சந்தேகம்

அதிக ஆயிலுக்கு சைட் ஸ்டாண்டைத் தவிர இன்னொரு காரணம் இருக்கிறது. அது வாடிக்கையாளர்களான நம்மிடம் இருக்கிறது. ஆயில் மாற்றும்போது கீழ் போல்ட்டைக் கழற்றி வடித்தாலும், உள்ளே மூலைகளிலும் குழல்களிலும் கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடும். அதனால்தான் கையேட்டில் இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள்: இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கோத்தால் ஒன்று, வெறுமனே ஆயில் மாற்றினால் அதைவிடக் குறைவான ஒன்று. டப்பாவின் கொள்ளளவு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஆனால் ஊற்றுகிற இடத்தில் நாம் பக்கத்திலேயே நின்று, டப்பாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை வடிக்கச் சொல்கிறோம். மிச்சத்தை மெக்கானிக் வைத்துக்கொள்வாரோ என்ற பயம். கோட்டைப் பார்த்து நிறுத்துகிற நல்ல மெக்கானிக்கைச் சந்தேகப்படுகிறோம். முழு டப்பாவையும் கவிழ்க்கிறவரை நேர்மையானவர் என்கிறோம். மங்கலம் சாலை அண்ணன் இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. மிச்சத்தை மூடி போட்டு நம் கையிலேயே கொடுக்கச் சொல்லலாம். அடுத்த முறை குறைந்ததை நிரப்ப அதே ரக ஆயில் வீட்டில் இருக்கும், நல்லதுதானே.

ரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலில் நனைந்துகொண்டே வேலை செய்யும் பைக்குகளுக்கு ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ 2 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஜப்பானில் 1998இல் தொடங்கிய தரம் இது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை அவசரத்துக்கு ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கலாம். ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதையும் விட்டுவிட வேண்டும். நல்ல ஆயில் கரியைத் தன்னுள் வாங்கிக் கறுக்கத்தான் செய்யும். அது வேலை செய்கிறது என்று பொருள். நிறம் வேறு, அளவு வேறு. கவலைப்பட வேண்டிய நிறம் ஒன்றே ஒன்று: பால் கலந்த காபி நிறம். தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் மெக்கானிக் கடைகளில் வரிசை கட்டி நின்றன. அப்படி முங்கிய வண்டியில் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் ஆயில் குச்சியைத்தான் தொட வேண்டும். அதேபோல, ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் மகிழ்ச்சி அடையக் கூடாது. குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்பரேட்டர் உள்ள வண்டியில், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி அடைக்காமல் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

கண்ணாடி ஜன்னல்கள்

குச்சி இல்லாமல் கண்ணாடி வைத்த வண்டிகளில் வேலை சுலபம் என்று தோன்றும். அதிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. கண்ணாடி முழுக்க ஆயில் நிறைந்திருந்தாலும், ஆயிலே இல்லாமல் உள்ளே கறை படிந்திருந்தாலும், மேலிருந்து பார்க்கிறவருக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலவே தெரியும். கண்ணை ஜன்னலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். வண்டியை லேசாக இரு பக்கமும் அசைத்தால் ஆயிலின் கோடு நகரும். கோடே தெரியவில்லை என்றால் அதை 'நிறைவு' என்று எடுத்துக்கொள்ளாமல், எந்தப் பக்கம் சாய்த்தால் கோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். வலப்பக்க ஜன்னலில், வண்டியை இடப்பக்கம் சாய்த்தபோது கோடு மேலிருந்து இறங்கி வந்தால் ஆயில் அதிகம். வலப்பக்கம் சாய்த்த பிறகுதான் கீழிருந்து ஏறி வருகிறதென்றால் குறைவு.

இன்றைய பைக்குகளில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை சென்டர் ஸ்டாண்ட் மறைந்துகொண்டு வருவதுதான். கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் அது வருவதே இல்லை. அந்த வண்டிகளில் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் சைட் ஸ்டாண்டில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இருபதிலேயே இப்படிப்பட்ட வண்டி வாங்கும் பையன்கள், ஆயில் அளவைத் தாங்களே பார்க்கலாம் என்பதையே அறியாமல் இருக்கிறார்கள். எங்கள் கட்டிங் பிரிவில் ஒரு தம்பிக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டியபோது, அந்த ஜன்னல் எதற்காக இருக்கிறது என்று அன்றுதான் தெரியும் என்றான்.

எல்லா வண்டிக்கும் ஒரே முறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹார்லி டேவிட்சனின் சில வண்டிகளில் சைட் ஸ்டாண்டில் சாய்த்தே பார்க்கும்படி கோடு போட்டிருக்கிறார்கள். வெஸ்பா ஜிடிஎஸ் ஸ்கூட்டரில் குச்சியை முழுவதும் திருகி இறக்கிவிட்டுத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே என் முறைதான் சரி என்று ஒருவர் இன்னொருவரிடம் வாதாடுவதில் பயனில்லை. கோடு போட்டவர் எந்த நிலையை மனத்தில் வைத்துப் போட்டார் என்பதைத்தான் தேட வேண்டும்.

அதைத் தேடும் சிரமத்தை ஏன் ஓட்டுகிறவர் தலையில் கட்ட வேண்டும் என்பதுதான் இப்போது என் கேள்வி. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். தனியாகப் போனால் இவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் இவ்வளவு என்று விவரமாக இருக்கிறது. பஞ்சர் கடைப் பையன்கூட அதைப் பார்த்துத்தான் காற்று அடிக்கிறான். அதே அளவில் ஒரு ஸ்டிக்கரை ஆயில் மூடிக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்தில், தமிழிலும் ஒட்டலாம். சென்டர் ஸ்டாண்ட், சமதளம், இத்தனை நிமிடம் ஓடவிடு, இத்தனை நிமிடம் பொறு, துடை, திருகாதே. இந்தச் சில சொற்களும், சாய்ந்த வண்டிக்கு மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு சின்னப் படமும் போதும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாமல் விற்கிற வண்டியில், ஆள் வைத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லும் படம் கட்டாயம் இருக்க வேண்டும். ஷோரூமில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டி டெலிவரி எடுக்கும்போது பூவும் பொட்டும் வைத்து, சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிற ஐந்து நிமிடத்தில், ஆயில் மூடி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள்.